கரடுமுரடுப் பாதைக்கு ஸ்டீல் வீலா, அலாய் வீலா: சக்கரம் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிக்குச் சக்கரம் மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ஸ்டீல் வாங்கலாமா அலாய் வாங்கலாமா என்பதுதான். அதற்கு எல்லோரிடமிருந்தும் கிடைக்கும் பதிலும் ஒன்றே: ஸ்டீல் வளையும், அலாய் உடையும். இந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் இதை மட்டும் நம்பிச் சக்கரம் வாங்கியவர்கள் பலர் பிறகு வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். சக்கரக் கோளாறால் வண்டி நடுவழியில் நின்றதாக நான் நேரில் கண்டவற்றில் பெரும்பாலானவை தவறான ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு வெளியே அல்லது உள்ளே தள்ளி நிற்கிறது என்ற அளவு), போதாத சுமைத் திறன், உயரம் குறைந்த டயர், பொருந்தாத நட்டு ஆகியவற்றால் வந்தவை. உலோகம் காரணமாக இருந்தவை மிகச் சில. ஆகவே இந்த வழிகாட்டியில் உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை ஐந்தாவது படியாகத்தான் வருகிறது. முதல் நான்கு படிகளையும் ஒழுங்காகக் கடந்தவருக்கு ஐந்தாவது படி பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

இரண்டும் உருவாகும் விதம்

ஸ்டீல் வீல் இரண்டு பாகங்களால் ஆனது. எஃகுத் தகட்டை வளையமாக உருட்டி, முனைகளைப் பற்றவைத்து, ஓரங்களுக்கு வடிவம் கொடுத்தால் ரிம் கிடைக்கிறது. வேறொரு தடித்த தகட்டை அழுத்துப் பொறியில் அடித்துக் கிண்ணம்போல் குழித்து, நட்டுத் துளைகளையும் காற்றுத் துளைகளையும் வெட்டினால் நடுத்தட்டு கிடைக்கிறது. தட்டை ரிம்முக்குள் நுழைத்துச் சுற்றிலும் பற்றவைத்தால் சக்கரம் தயார். மிகப் பழைய வண்டிகளின் சக்கரங்களில் இந்த இணைப்பு ரிவெட்டால் செய்யப்பட்டிருக்கும். ரிவெட் துளை வழியாகக் காற்று கசியக்கூடும் என்பதால் அவற்றை ட்யூப் போட்டே ஓட்ட வேண்டும்.

அலாய் வீல்களில் பெரும்பாலானவை ஏ356 எனப்படும் கலவையால் வார்க்கப்பட்டவை. அலுமினியத்தோடு ஏறத்தாழ 7 சதவீதம் சிலிக்கானும் சிறிதளவு மக்னீசியமும் சேர்ந்தது இந்தக் கலவை. வார்த்து எடுத்த சக்கரத்தை 540 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, நீரில் தணித்து, மீண்டும் 160 டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து உறுதியேற்றுகிறார்கள். இதற்கு டி6 பதம் என்று பெயர். இந்தப் பதம் பின்னால் பழுதுபார்ப்பைப் பற்றிப் பேசும்போது மறுபடியும் வரும். வார்த்த பிறகு ரிம் பகுதியை மட்டும் உருளைகளால் அழுத்தி நீட்டும் ஃப்ளோ ஃபார்மிங் முறையும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 6061 போன்ற கலவையின் திண்மமான கட்டியைப் பெரும் அழுத்தத்தில் அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ்டு வீல்கள் இருக்கின்றன. ‘அலாய்’ என்ற ஒரே பெயருக்குள் இத்தனை வகைகள் அடங்கியிருப்பதால், ஓர் அலாய் வீல் உடைந்ததை வைத்து எல்லா அலாய் வீல்களையும் எடைபோடக் கூடாது.

படி 1: வண்டி உண்மையில் எங்கே ஓடுகிறது என்று எழுதிப் பாருங்கள்

கற்பனையில் ஓட்டும் பாதையை விட்டுவிட்டு, கடந்த ஓராண்டில் உண்மையில் ஓட்டிய பாதையை எழுதுங்கள். தார்ச்சாலையில் எவ்வளவு, சரளையில் எவ்வளவு, பாறை, மணல், சேறு ஆகியவற்றில் எவ்வளவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பக்கத்திலேயே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். சக்கரம் கெட்டால் உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கும்? கரடுமுரடான இடங்களில் வண்டியின் வேகம் என்ன? வண்டி வழக்கமாகச் சுமக்கும் பாரம் எவ்வளவு?

இந்த மூன்று விடைகளும் எவ்வளவு முக்கியமானவை என்பதை இரண்டு எதிரெதிர் உதாரணங்கள் காட்டுகின்றன. தொலைதூரப் பகுதிகளில் நிவாரணப் பணிக்கு அனுப்பப்படும் டொயோட்டா லேண்ட் குரூசர் 78 வண்டிகள் நெடுங்காலமாக 16 அங்குல ஸ்டீல் வீல்களில்தான் ஓடிவருகின்றன; ஏனென்றால் அங்கே வேகம் குறைவு, பாரம் மிகுதி, பழுதுபார்க்கக் கிடைப்பது ஒரு சம்மட்டி மட்டுமே. மாறாக, பாலைவனங்களைக் கடக்கும் டக்கார் போட்டியின் முன்னணி வண்டிகள் அலாய் வீலில் ஓடுகின்றன. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் மேடுபள்ளங்களில் பறக்கும்போது சக்கரம் தரையை விட்டு விலகாமலிருக்க எடை குறைவாக இருக்க வேண்டும். உடைந்தால் மாற்றுச் சக்கரம் வண்டியிலேயே இருக்கிறது. இரண்டு தேர்வும் சரியானவை. உங்கள் வண்டி இந்த இரண்டில் எதற்கு அருகில் நிற்கிறது என்பதே கேள்வி.

படி 2: பொருந்தும் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் சேர்ந்ததே பிசிடி. டொயோட்டா ஹைலக்ஸுக்கு 6×139.7, சுசுகி ஜிம்னிக்கு 5×139.7, ஜேகே தலைமுறை ஜீப் ராங்ளருக்கு 5×127, லேண்ட் குரூசர் 200க்கு 5×150, பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு 5×165.1 மில்லிமீட்டர். இதில் தோராயத்துக்கு இடமில்லை. 5×127 வண்டிக்கு 5×130 சக்கரத்தை நெருக்கி முறுக்கிப் பொருத்தினால் ஸ்டட்டுகள், அதாவது நட்டு ஏறும் மரையுள்ள கம்பிகள், சாய்ந்த நிலையில் இழுபட்டு, ஒருநாள் அறுந்துவிடும்.

அடுத்தது நடுத்துளை. தொழிற்சாலையிலிருந்து வரும் பெரும்பாலான சக்கரங்கள் ஹப்பின் (அச்சின் முனையில் சக்கரம் மாட்டப்படும் பாகம்) மீது இடைவெளியின்றி அமர்ந்து, ஹப்பாலேயே மையப்படுத்தப்படுகின்றன. வெளியில் வாங்கும் சக்கரங்களோ பல வண்டிகளுக்கும் பொருந்த வேண்டும் என்று பெரிய நடுத்துளையோடு வருகின்றன. அப்படியானால் இடைவெளியை நிரப்பும் ஹப் வளையம் போட வேண்டும். கூம்பு நட்டே மையப்படுத்தும் சக்கரமாக இருந்தால், வண்டியை ஜாக்கியில் தூக்கிய நிலையில் நட்டுகளைச் சிறிது சிறிதாக எதிரெதிராக முறுக்க வேண்டும்.

ஆஃப்செட்டைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதிகமான தவறுகள் நடப்பது இங்கேதான். ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு கிழித்தால், சக்கரம் ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே அல்லது உள்ளே இருக்கிறது என்பதே ஆஃப்செட். முகம் வெளிப்புறம் இருந்தால் நேர் எண், உட்புறம் இருந்தால் எதிர் எண். எண் குறையக் குறையச் சக்கரம் வண்டியை விட்டு வெளியே தள்ளி நிற்கும். 7 அங்குல அகலமும் +30 ஆஃப்செட்டும் உள்ள தொழிற்சாலைச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, 8 அங்குல அகலமும் பூஜ்ய ஆஃப்செட்டும் உள்ள சக்கரத்தைப் போட்டால், வெளி விளிம்பு ஏறத்தாழ 43 மில்லிமீட்டர் வெளியே போகிறது. அதனால் பேரிங்கின் மேல் விழும் நெம்பு விசை கூடுகிறது. கல்லில் ஒரு பக்கச் சக்கரம் இடிக்கும்போது ஸ்டியரிங் கையை உதறுகிறது. திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசுகிறது. சேறும் கல்லும் பக்கவாட்டில் தெறிக்கின்றன.

இதை ஏன் உலோகத் தேர்வுக்கு முன்னால் சொல்கிறேன் என்றால், கரடுமுரடுப் பாதைக்கென்றே விற்கப்படும் ஸ்டீல் வீல்களில் பல பூஜ்யம் அல்லது எதிர் ஆஃப்செட்டில்தான் கிடைக்கின்றன. “ஸ்டீல் போட்டதிலிருந்து ஸ்டியரிங் கெட்டுப்போயிற்று” என்று குறைபட்டுக்கொள்பவர்களின் சக்கரத்தை அளந்து பார்த்தால், பெரும்பாலும் குற்றவாளி ஆஃப்செட்டாகவே இருக்கும். தொழிற்சாலை எண்ணிலிருந்து பத்துப் பதினைந்து மில்லிமீட்டருக்கு மேல் விலகாமலிருப்பது நல்லது.

படி 3: சுமைத் திறனைக் கணக்கிடுங்கள்

ஒவ்வொரு நல்ல சக்கரத்திலும், அது தாங்கக்கூடிய உச்ச பாரம் உட்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். வண்டியின் தகவல் தகட்டில் பின் அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட பாரம் 1,800 கிலோ என்றிருந்தால், ஒரு சக்கரத்தின் பங்கு 900 கிலோ. பள்ளத்தில் விழும்போதும் சரிவில் சாய்ந்து நிற்கும்போதும் இந்தப் பங்கு மாறும் என்பதால், இதைவிடக் கால் பங்கு கூடுதலாகத் தாங்கும் சக்கரத்தைத் தேடுவது என் வழக்கம்; அதாவது 1,125 கிலோவுக்குக் குறையாதது. சாதாரணக் காருக்காகச் செய்யப்பட்ட அழகான அலாய் வீல்கள் பல 600, 700 கிலோவோடு நின்றுவிடுகின்றன. பிசிடி பொருந்திவிட்டது என்பதற்காக அவற்றைப் பாரவண்டியில் மாட்டுவது ஆபத்தான செயல். எண்ணே பொறிக்கப்படாத சக்கரம் எந்த உலோகமானாலும் வேண்டாம்.

படி 4: ரிம்மின் விட்டத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு படியை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால், இந்தப் படியைக் கடைப்பிடியுங்கள் என்று சொல்வேன். ரிம்மைக் கல்லிலிருந்து காப்பது முதலில் டயரின் பக்கச்சுவர். ரிம்மின் உலோகத்துக்கு வேலை வருவது அதற்குப் பிறகுதான். 265/70 ஆர்16, 265/65 ஆர்17, 265/60 ஆர்18 என்ற மூன்று டயர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள் (முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம்). மூன்றின் முழு விட்டமும் 775 முதல் 777 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது; வேகமானியோ கியர் விகிதமோ மாற்றத்தை உணராது. ஆனால் பக்கச்சுவரின் உயரம் முறையே 185, 172, 159 மில்லிமீட்டர். பதினெட்டிலிருந்து பதினாறுக்கு இறங்குபவருக்குக் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே 26 மில்லிமீட்டர் கூடுதல் காற்று மெத்தை கிடைக்கிறது.

இந்த மெத்தையின் மதிப்பு காற்றைக் குறைக்கும்போது இன்னும் கூடுகிறது. சாலையில் 34, 36 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுபவர்கள் மணலில் 16, 18 வரையிலும், பாறையில் 20ஐ ஒட்டியும் இறக்குவது வழக்கம். டயர் தரையில் அகலமாகப் பதிந்து பிடிமானம் தருகிறது. அதே வேளையில் ரிம்மின் உதடு, அதாவது வெளி விளிம்பு, கல்லுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. பாதையில் நெளிந்த ரிம்களில் பெரும்பான்மை, காற்றைக் குறைத்தவர் வேகத்தைக் குறைக்க மறந்ததால் நெளிந்தவை. உயரமான பக்கச்சுவருள்ள அலாய் வீல், தாழ்ந்த பக்கச்சுவருள்ள ஸ்டீல் வீலைவிடப் பாறையில் நீண்ட நாள் பிழைக்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

விட்டத்தைக் குறைப்பதற்கு எல்லையாக நிற்பது பிரேக். டிஸ்கும் காலிப்பரும் பெரிதாக உள்ள வண்டிகளில் 16 அங்குல ரிம் நுழையாது. நுழைந்தாலும் காலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையே விரல் நுழையாத இடைவெளி இருந்தால் அதில் சரளைக்கல் சிக்கி ரிம்மின் உட்சுவரைச் சுற்றிலும் அறுத்துவிடும். அலுமினியம் மென்மையானது என்பதால் இந்த வகைச் சேதம் அலாயில் விரைவாக நடக்கிறது. அதே வண்டியின் அடிப்படை மாடல் எந்த அளவுச் சக்கரத்தோடு விற்கப்பட்டது என்று விசாரியுங்கள்; பிரேக் ஒன்றாகவே இருந்தால் அந்தச் சிறிய அளவு உங்கள் வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும். எனினும் நான்கையும் வாங்குவதற்கு முன் ஒன்றை முன்சக்கர ஹப்பில் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

அகலத்திலும் ஆசை வேண்டாம். 265/75 ஆர்16 டயருக்கு 7 முதல் 8 அங்குல ரிம் ஏற்றது. அந்த எல்லைக்குள் குறுகிய ரிம்மைத் தேர்ந்தெடுத்தால், டயரின் பக்கச்சுவர் ரிம்மைவிட வெளியே புடைத்து நின்று உதட்டைக் காக்கும். காற்றைக் குறைக்கும்போது டயரின் உள்விளிம்பு, அதாவது பீடு, எளிதில் கழன்று வராது.

படி 5: இப்போது உலோகத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் வளைவதும் உடைவதும். மென்மையான எஃகை இழுத்தால் தன் நீளத்தில் 20 சதவீதத்துக்கு மேல் நீண்ட பிறகே அறும். வார்ப்பு அலுமினியக் கலவை பெரும்பாலும் 10 சதவீதத்தை எட்டும் முன்பே விரிசல் விட்டுவிடும். அதனால்தான் கடும் அடியில் ஸ்டீல் ரிம் நெளிகிறது, வார்ப்பு அலாய் ரிம்மின் ஓரம் துண்டாகப் பெயர்கிறது. ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பாதி இருக்கிறது. அலாய் ரிம்மின் சுவர் ஸ்டீல் ரிம்மைவிடத் தடிப்பானது. ஆகவே ஸ்டீல் ரிம்மை நெளித்துவிடும் நடுத்தர அடிகள் பலவற்றை நல்ல அலாய் ரிம் கீறலோடு தாங்கிக்கொள்ளும். சுருக்கமாகச் சொன்னால் ஸ்டீல் அடிக்கடி கெடும், ஆனால் சிறிதாகக் கெடும். அலாய் அரிதாகக் கெடும், கெட்டால் முழுதாகக் கெடும். உதவி அருகில் இருப்பவருக்கு இரண்டாவது பரவாயில்லை. இரண்டு நாள் பயணத் தொலைவில் தனியாக இருப்பவருக்கு முதலாவதே உயிர்நாடி. ஃபோர்ஜ்டு வீல்கள் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. அவை வார்ப்பைவிட நன்றாக வளைந்துகொடுக்கும்.

உலோகச் சோர்வையும் கருத வேண்டும். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழான அழுத்தத்தை எஃகு எத்தனை முறை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படியொரு நிரந்தர எல்லை இல்லை. சிறிய அழுத்தமும் கோடிக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் என்றாவது விரிசலாகலாம். வடிவமைப்பாளர்கள் இதைக் கணக்கில் கொண்டே தடிமனைத் தீர்மானிக்கிறார்கள். எனவே தரமான புதிய அலாய் வீலைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. வரலாறு தெரியாத பழைய அலாய் வீலைக் கரடுமுரடு வேலைக்கு வாங்காமலிருக்க மட்டும் இதைக் காரணமாகக் கொள்ளுங்கள்.

எடையைப் பற்றி இருதரப்பிலும் மிகைப்படுத்துகிறார்கள். எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், அலுமினியத்துக்கு 2.7 கிராம், ஆனால் அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கே என்பதால் தடிமனைக் கூட்டியாக வேண்டும். கடைசியில் ஒரே அளவுள்ள இரண்டு சக்கரங்களுக்கு இடையே சாதாரணமாக எஞ்சும் வேறுபாடு இரண்டு முதல் நான்கு கிலோதான். பெரிய விட்டமுள்ள தடித்த அலாய் வீல், சிறிய ஸ்டீல் வீலைவிடக் கனமாகவே இருக்கக்கூடும். நெடுஞ்சாலை டயரைக் கழற்றிவிட்டுத் தடித்த பக்கச்சுவருள்ள எல்டி (இலகு சரக்கு வண்டி) வகை டயரைப் போட்டாலே சக்கரத்துக்கு நான்கு ஐந்து கிலோ கூடிவிடுகிறது. அந்த எடை தரையைத் தொடும் ஓரத்தில் சேர்வதால், வண்டியை முடுக்கும்போது அது ஏறத்தாழ இரண்டு மடங்கு பாரமாக உணரப்படும். 16 அங்குல ரிம்மில் சேரும் எடையோ மையத்துக்கு அருகில் இருப்பதால் ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேலாகவே உணரப்படும். எரிபொருளையும் முடுக்கத்தையும் எண்ணிக் கவலைப்படுபவர் முதலில் டயரின் எடையைத்தான் கேட்க வேண்டும். ஆனால் நெளிநெளியான சரளைப் பாதையில் வேகமாக ஓட்டுபவருக்கு ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள ஒவ்வொரு கிலோவும் பொருட்டானது. கனமான சக்கரம் குதித்தால் ஷாக் அப்சார்பர் அதை அடக்குவதற்குக் கூடுதலாக உழைத்துச் சூடேறுகிறது. அங்கே அலாய் தெளிவாக வெல்கிறது.

துருவுக்கு வருவோம். ஸ்டீல் வீலில் வண்ணம் பெயர்ந்த இடமும், தட்டும் ரிம்மும் பற்றவைக்கப்பட்ட மூலையும் முதலில் துருப்பிடிக்கும். கண்ணுக்குத் தெரிவதால் சுரண்டி வண்ணம் அடித்துவிடலாம். அலாயில் வரும் அரிப்பு கண்ணுக்கு மறைவானது: டயரின் பீடு அமரும் இடத்தில் வெண்ணிறப் பொடியாகத் தொடங்கி, வாரத்துக்கு நான்கைந்து பிஎஸ்ஐ காற்றை மெதுவாக இறக்கும். பஞ்சர் தேடி அலுத்த பிறகே பலருக்கு இது தெரியவருகிறது. கடற்கரை மணலில் அடிக்கடி ஓட்டுபவர்கள் டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். மேலும் அலுமினியமும் ஹப்பின் எஃகும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, நட்டுகளைக் கழற்றிய பிறகும் சக்கரம் வர மறுக்கும். நடுத்துளையின் ஓரத்தில் மட்டும் ஒட்டாமல் தடுக்கும் பசையை மெல்லப் பூசுங்கள். ஸ்டட்டின் மரையில் அது படக் கூடாது. பட்டால் அதே முறுக்கில் ஸ்டட் மிகையாக இழுபடும்.

பிரேக்கின் சூட்டை அலுமினியம் விரைவாகக் கடத்துகிறது, ஆரங்களுக்கிடையே காற்றும் தாராளமாகப் போகிறது என்பது உண்மையே. நீண்ட மலையிறக்கங்களில் பாரத்தோடு இறங்குபவருக்கு அது சிறிய உதவி. இதற்காக மட்டும் அலாய் வாங்க வேண்டியதில்லை.

என் முடிவைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். ஓட்டத்தில் பெரும்பகுதி சாலையும் சரளையுமாக, கூட்டத்தோடு அல்லது உதவி கிடைக்கும் தொலைவில் பயணம் செய்பவர், தொழிற்சாலையின் அலாய் வீலையே வைத்துக்கொண்டு, விட்டத்தை மட்டும் பிரேக் இடம் தரும் அளவுக்குக் குறைப்பது சிறந்தது. பாரத்தோடு, தனியாக, மெதுவாக, நெடுந்தொலைவு போகிறவர் ஸ்டீல் வீலை எடுக்கட்டும். பாறைகளில் ஏறுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவருக்கும் ஸ்டீல் ஏற்றது. ஏனென்றால் அங்கே ரிம் அடிபடுவது உறுதி, மாற்றும் செலவும் குறைவு. பீட்லாக் எனப்படும், டயரின் விளிம்பை வளையத்தால் இறுக்கும் சக்கரங்களைப் பலர் ஆசையோடு கேட்கிறார்கள். பத்து பிஎஸ்ஐக்கும் கீழே காற்றை இறக்கி ஓட்டாதவருக்கு அவை தேவையில்லை. பல நாடுகளில் பொதுச்சாலையில் அவற்றை ஓட்டச் சட்டம் இடம் தருவதில்லை என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 6: வாங்கும் இடத்தில் சோதியுங்கள்

அலாய் வீலானால் ஆரங்களின் பின்புறத்தில் சுமை எண்ணோடு தரக்குறியையும் தேடுங்கள். ஜப்பானியத் தரத்தின் ஜேடபிள்யூஎல் குறி பயணியர் காருக்கானது; அதன் இறுதியில் ‘டி’ சேர்ந்தால் சரக்கு வண்டிக்கானது. கூடவே விஐஏ குறி இருந்தால், தனிப்பட்ட சோதனைச் சாலையில் பதிவானது என்று பொருள். குறியைப் போலியாகப் பொறிப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், புகழ்பெற்ற வடிவத்தை நகலெடுத்த பெயரில்லாச் சக்கரங்களை நான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அப்படி ஒரு நகல் சக்கரத்தை நண்பர் ஒருவருக்காகக் கழற்றிப் பார்த்தபோது, ஆரம் ரிம்மோடு சேரும் இடத்தில் நகத்தின் நீளத்துக்கு விரிசல் இருந்தது. அவர் அதுவரை ஓட்டியதெல்லாம் சரளைப் பாதை மட்டுமே.

பழைய சக்கரமானால் டயர் இல்லாமல் பாருங்கள். பேலன்சிங் பொறியில் மாட்டிச் சுற்றவிட்டு, ரிம்மின் ஓரத்துக்கு அருகில் ஒரு கம்பியை நிறுத்தினால் கோட்டம் கண்ணுக்கே தெரியும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் விலகிவிடுங்கள். ஸ்டீலில் நட்டுத் துளைகள் நீள்வட்டமாக விரிந்திருக்கின்றனவா, துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். அலாயில் உட்புறத்தில் பற்றவைத்த தடம் இருக்கிறதா, ஒரு பகுதியில் மட்டும் வண்ணம் புதிதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டயர் அழுத்தத்தைக் காட்டும் சென்சார் உள்ள வண்டியானால், அதன் உலோக வால்வு புதிய சக்கரத்தில் ஒழுங்காக அமருமா என்பதையும் கேளுங்கள். சில ஸ்டீல் வீல்களில் அதற்கு இடமிருக்காது.

படி 7: நட்டும் முறுக்கும்

உலோகத்தை மாற்றினால் நட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம். கூம்பு நட்டு, உருண்டை அடி நட்டு, வாஷரோடு கூடிய தட்டை நட்டு என்று மூன்று வகைகள் புழக்கத்தில் உள்ளன. தட்டை நட்டு அமர வேண்டிய அலாய் வீலில் கூம்பு நட்டை முறுக்கினால், துளையின் ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய வட்டம் பாரத்தைத் தாங்கும். அது நசுங்கி நட்டு தளர்ந்துவிடும். முறுக்கின் அளவும் மாறும். லேண்ட் குரூசர் 200க்கு அலாய் வீலானால் 131 நியூட்டன் மீட்டர், ஸ்டீல் வீலானால் 209 நியூட்டன் மீட்டர் என்று அதன் கையேடு சொல்கிறது. ஒரே வண்டிக்கு இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, கை உணர்வை நம்பி முறுக்குவது சரியாகாது. டார்க் ரெஞ்ச் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய ஸ்டீல் வீலின் நட்டு அமரும் குழியில் தடிப்பாக வண்ணமோ பவுடர் கோட்டிங்கோ இருந்தால், ஓட்டத்தில் அது நசுங்கி முறுக்கு தளரும். எந்தச் சக்கரத்தைப் போட்டாலும் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை எதிரெதிர் வரிசையில் முறுக்கைச் சரிபாருங்கள். ஸ்டெப்னியை மறப்பவர்கள் பலர். நான்கு அலாய் வீல்களும் ஒரு பழைய ஸ்டீல் ஸ்டெப்னியுமாக ஓட்டினால், அந்த ஸ்டெப்னிக்கு ஏற்ற நட்டுகளையும் ஒரு பையில் போட்டு வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். டயரின் முழு விட்டம் ஐந்திலும் ஒன்றாக இருக்கட்டும். நிரந்தர நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் விட்டம் மாறினால், முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் சுழன்று சூடேறும்.

பாதையில் ரிம் நெளிந்தால்

ஸ்டீல் ரிம்மின் உதடு உள்நோக்கி மடங்கிக் காற்று இறங்கினால், சக்கரத்தைக் கழற்றித் தட்டையான கல்லின் மேல் கிடத்தி, உள்ளிருந்து வெளியாகச் சம்மட்டியால் சிறிது சிறிதாக அடித்து நிமிர்த்துங்கள். சில பெரிய அடிகளைவிடப் பல சிறிய அடிகள் நல்லவை. பீடு அமரும் இடம் ஓரளவு வட்டமானால் போதும். சோப்பு நீர் தடவிக் காற்றேற்றினால் குமிழி எங்கே வருகிறது என்பது தெரியும். முழுக் காற்றும் நின்றால் மெதுவாக ஊர் போய்ச் சேரலாம். அதற்குப் பிறகு அந்த ரிம்மைப் பட்டறையில் காட்டிக் கோட்டம் எடுக்க வேண்டும்; மடிப்பில் விரிசல் தெரிந்தால் கழித்துவிட வேண்டும்.

அலாய் ரிம்மை அப்படி அடிக்காதீர்கள். உதட்டில் சிறு நெளிவு மட்டும் இருந்து காற்று நின்றால் அப்படியே மெதுவாக ஓட்டுங்கள். காற்று நிற்கவில்லையென்றால் ஸ்டெப்னியைப் போடுங்கள். திரும்பி வந்த பிறகு, கேஸ் பர்னரால் சூடாக்கி நிமிர்த்தித் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்க வேண்டாம். தொழிற்சாலையில் ஏற்றிய டி6 பதம் அந்தச் சூட்டில் இறங்கிவிடும். வெளியே பளபளப்பாக இருந்தாலும் அந்த இடத்தில் உலோகம் பழைய உறுதியோடு இருக்காது. பற்றவைப்பதும் இதையேதான் செய்கிறது. உதட்டின் ஓரத்தில் பெயர்ந்த சிறு சில்லை நிரப்புவதோடு பற்றவைப்பு நின்றுவிட வேண்டும். ஆரத்திலோ, நட்டுத் துளையருகிலோ, பீடு அமரும் இடத்திலோ விரிசல் விட்ட அலாய் வீலை எடைக்குப் போட்டுவிடுங்கள்.